ஏழாம் எண் பிழை

மட்சுஏ
12 அக்டோபர் 2008

அன்புள்ள தம்பி கென்சாகுவுக்கு,

ஏரிப்பக்கமிருந்து வரும் காற்றில் குளிர் ஏறிவிட்டது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரி நாட்சுயோவும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றிவிட்டாயா, இல்லை அதுவும் உன் 1.0 மாதிரி அடுத்த வருடம்தானா?

கோபித்துக்கொள்ளாதே. நேற்று அலமாரியை ஒழித்தபோது உன் புத்தாண்டு அட்டைகள் கட்டாகக் கையில் சிக்கின. பன்னிரண்டு அட்டை. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: "இந்த வருடம் கமோமே 1.0 கட்டாயம் வெளிவரும்." அப்பா இறந்த வருடம் துக்கம் என்று நீ அட்டை அனுப்பவில்லை பார், அந்த ஒரு வருடம்தான் நீ எனக்குப் பொய் சொல்லாத வருடம்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நீ நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, நீ சுவிட்சைத் தட்டின நிமிஷத்துலேர்ந்து பேசுற கம்ப்யூட்டர் ஒண்ணு செஞ்சு தர்றேன். யாரும் பக்கத்துல நின்னு திரையப் படிச்சுச் சொல்ல வேண்டாம். யாரும் காசு கேக்க முடியாது. யார் வேணாலும் உள்ள பிரிச்சுப் பாக்கலாம்!" அப்பா கேட்டார்: "அதெல்லாம் சரி, எப்போ?" நீ சொன்னாய்: "ஆறு மாசம்." அப்பா சூப்புக் கிண்ணத்துக்குள்ளேயே சிரித்தார். உன் கமோமே இயங்குதளம் இன்னும் முழுசாக வரவில்லை, அவர் சிரிப்பும் இன்று வரை பொய்க்கவில்லை.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நூலகத்தில் பிழை திருத்தும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இப்போது ஒரு மருத்துவப் புத்தகம், பிரெயிலில் பதினெட்டுத் தொகுதி. என் கணினி நன்றாகப் பேசுகிறது, கவலைப்படாதே.

உன் அக்கா,
மிசாவோ


கவாசாகி
30 அக்டோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகுவலியும் நலம், என்னை விட்டுப் போகவில்லை. நாற்காலி மாற்றியாகிவிட்டது, அதனால் நீ என்னைப் பாதிப் பொய்யன் என்றுதான் இனிச் சொல்ல வேண்டும்.

மின்னஞ்சலில் எழுதினால் அது எனக்கு வரும் நானூறில் ஒன்றாகிவிடுகிறது என்று நீ சொன்னது சரி. புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதும்போதுதான் நான் யோசித்து எழுதுகிறேன். உனக்கு ஒன்பது வயதில் கண் போனபோது எனக்கு ஐந்து. பள்ளிக்கூட எழுத்துக்கு முன்னால் உன் எழுத்தைத்தான் படித்தேன்.

பன்னிரண்டு அட்டையும் உண்மை. என்ன சொல்ல? எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரலை, உட்கருவை, ஒரு முறை எழுதினோம், அது மெதுவாக இருந்தது. இரண்டாவது முறை எழுதினோம், அழகாக இருந்தது, ஓடத்தான் இல்லை. மூன்றாவதில்தான் கரை தெரிந்தது. கமோமேயின் மின்னஞ்சல் குழுவில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். வருடத்துக்கு ஒரே ஒரு மடல்தான் போடுவார், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி: "இந்த வருடமும் இல்லையா?" நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.

ஆனால் அக்கா, இப்போது நிலைமை வேறு. வெளியீட்டைத் தடுக்கும் பிழைகள் என்று நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் அதில் இருநூற்றுக்கு மேல் இருந்தது. இன்று ஒன்றே ஒன்று. அதுவும் சரிசெய்தாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உறுதிப்பட வேண்டும், அவ்வளவுதான்.

நாட்சுயோவிடம் இதைச் சொன்னேன். "ஒண்ணுதானா? அப்போ நாளைக்கு முடிஞ்சிடுமே!" என்றாள். "அது என் கையில இல்ல" என்றேன். "பதிமூணு வருஷமா எல்லாம் உங்க கையிலதான இருந்துச்சு?" என்று முறைத்தாள்.

ஆகஸ்டில் 0.9.7 சோதனை வட்டு அனுப்பினேனே, போட்டுப் பார்த்தாயா? நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

தம்பி,
கென்சாகு


மட்சுஏ
16 நவம்பர் 2008

அன்புள்ள கென்னுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது, பதில் தாமதம். நான் நலமே. இரண்டு நாள் சளி பிடித்தது, சிஜிமிச் சிப்பி போட்டு மிசோ சூப் குடித்தேன், ஓடிவிட்டது. இங்கே மழை. சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அம்மா சொல்லுவாளே, நான் வியாழக்கிழமை இரண்டையும் மறந்துவிட்டுப் போனேன்.

நூலகத்தில் ஒரு சண்டை. தலைவர் ஃபுகுமா மருத்துவப் புத்தகத்தைப் புத்தாண்டுக்கு முன்னால் முடித்துத் தருவதாக வாசகர்களுக்கு அறிவித்துவிட்டார், என்னைக் கேட்காமலே. "யாரக் கேட்டுச் சொன்னீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். "உங்க தம்பி பதிமூணு வருஷமா யாரக் கேட்டுச் சொல்றாரு?" என்றார் அந்த மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம், "கமோமேன்னு கடற்பறவை பேரு வெச்சாரே, அது இன்னும் முட்டைக்குள்ளயேதான் இருக்கா?" என்று கேட்டார். உன்னை நான் திட்டலாம், அவர் திட்டக்கூடாது. "முட்டைய ஆக்கப்பொறுத்தவங்க ஆறவும் பொறுக்கணும்" என்று ஏதோ உளறிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

வட்டு பத்திரமாக இருக்கிறது.

நாட்சுயோவுக்கு உலர்ந்த கடற்பாசி அனுப்பியிருக்கிறேன். நீ கணினி முன்னால் உட்கார்ந்து அதைக் கொறித்தே தீர்த்துவிடாதே.

அக்கா,
மிசாவோ


கவாசாகி
4 டிசம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

கடற்பாசி வந்தது. பாதியை நான்தான் கொறித்தேன். சளி முழுக்கப் போயிற்றா?

சுருக்கமாக எழுதுகிறேன், வேலை அதிகம். நிறுவனத்தில் என்னை ஏப்ரல் முதல் ஒகாயாமா தொழிற்சாலைக்கு மாற்றப் போகிறார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே. "உங்களுக்கு நல்ல வாய்ப்பு" என்றார் பிரிவுத் தலைவர். "எதுக்கு வாய்ப்பு?" என்று கேட்க நினைத்தேன், "ரொம்ப நன்றி" என்று வாயில் வந்தது. அங்கே போனால் கமோமேக்கு நேரம் இருக்காது.

வட்டு பத்திரமாக இருப்பது பற்றிச் சந்தோஷம். போட்டுப் பார்த்தாயா என்றுதான் கேட்டேன். அவசரமே இல்லை, அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள். நாட்சுயோ உன்னை விசாரித்தாள்.

கென்சாகு


(புத்தாண்டு அட்டை)
1 ஜனவரி 2009

புத்தாண்டு வாழ்த்துகள், அக்கா. போன வருடம் காட்டிய அன்புக்கு நன்றி. இந்த வருடமும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

கென்சாகு, நாட்சுயோ


மட்சுஏ
9 ஜனவரி 2009

கென்,

உனக்கும் நாட்சுயோவுக்கும் வாழ்த்துகள். நான் நலம் என்று எழுத வேண்டும். உடம்பு நலம்தான். மனசு இல்லை.

உன் அட்டையைத் தடவினேன். கடைசி வரி இல்லை. திருப்பிப் பார்த்தேன், ஓரம் முழுக்கத் தேடினேன், அதைக் காணோம். பன்னிரண்டு முறை அந்த வரியைப் படித்துச் சிரித்தவள் நான். இந்த வருடம் அது இல்லை என்றதும் எனக்குப் பயமாகப் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் டிசம்பர் கடிதத்தில் "நேரம் இருக்காது" என்பதற்குக் கீழே ஒரு வரியை நகத்தால் தேய்த்து அழித்திருக்கிறாய். பார்க்கிறவர் கண்ணுக்குத் தேய்த்த புள்ளி தெரியாமல் போகலாம். என் விரலுக்கு அது தழும்பு. அன்றைக்கே படித்துவிட்டேன், படிக்காத மாதிரி இருந்துவிட்டேன். "ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் உட்கார்ந்தால் உனக்குக் கொடுத்த வாக்கை முடித்துவிடலாம்." இதுதானே?

வேண்டாம், கென். உனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த நாட்டில் இந்த வயதில் வெளியே வந்தவனை மறுபடி உள்ளே கூப்பிட யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள். நாட்சுயோவின் மழலையர் பள்ளிச் சமையல் வேலையில் இரண்டு பேர் சாப்பிட முடியாது. ஒகாயாமாவுக்குப் போ. கமோமே மெதுவாக வரட்டும். ஐந்து வருடம் ஆகட்டும், பத்து வருடம் ஆகட்டும். எவ்வளவு நாளானாலும் நான் காத்திருப்பேன்.

உடனே பதில் போடு.

மிசாவோ


கவாசாகி
26 ஜனவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மனசு கலங்கும்படி செய்துவிட்டேன், மன்னித்துவிடு. இங்கே பிளம் மரத்தில் ஒன்றிரண்டு மொட்டு வந்திருக்கிறது. நாங்கள் நலம்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எத்தனை வருடமானாலும் காத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியே போதும். குழுவில் ஆயிரத்து முந்நூறு பேர் இருக்கிறார்கள். அதில் நிஜமாகக் காத்திருக்கிறவர் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கே சந்தேகம். ஜெர்மன்காரர்கூட இந்த டிசம்பரில் மடல் போடவில்லை. நீ ஒருத்தி காத்திருக்கிறாய் என்றால், உன்னை இன்னும் பத்து வருடம் இலவு காத்த கிளியாக உட்கார வைக்க எனக்கு உரிமை கிடையாது.

முடிவு செய்துவிட்டேன். பிப்ரவரி 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராஜினாமாவைக் கொடுக்கிறேன். மார்ச் முடிவில் வெளியே. நாட்சுயோ, "அரிசி விலை தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அட்டையில் அந்த வரியை ஏன் எழுதவில்லை என்றால், இனி எழுதிக் காட்ட வேண்டாம், செய்து காட்டலாம் என்றுதான்.

உன் தம்பி,
கென்சாகு


கவாசாகி
5 பிப்ரவரி 2009

மதிப்புக்குரிய மிசாவோ அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நாட்சுயோ எழுதுகிறேன். இது என் முதல் பிரெயில் கடிதம். அவருடைய பலகையையும் குத்தூசியையும் எடுத்து, அவர் அலுவலகம் போனபின் மூன்று மதியமாகக் குத்துகிறேன். வலமிருந்து இடமாகத் திருப்பிக் குத்துவதில் தலை சுற்றுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கை வலிப்பதால் உபசாரம் இல்லாமல் நேராகச் சொல்கிறேன்.

பாக்கி இருக்கும் அந்த ஒரு பிழை உங்களுடையது. ஏழாம் எண். கணினியைப் போட்டதும், திரையில் வருவதை விரலுக்குப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் புள்ளிப் பலகையில் முதல் வரி வருவதில்லை, இரண்டாவது வரியிலிருந்துதான் வருகிறது என்று 1996-இல் நீங்கள் சொன்ன புகார். அதை அவர் சரிசெய்து பதினைந்து மாதம் ஆகிறது. ஆனால் கமோமேயில் ஒரு விதி உண்டாம். புகார் சொன்னவர் வாயால் "சரியாகிவிட்டது" என்று வரும்வரை எந்தப் பிழையையும் மூடக்கூடாது. "என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று இந்த ஆட்கள் தட்டிக்கழிப்பார்கள் என்பதால் இவரே போட்ட விதி. உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய பலகை குழுவில் வேறு யாரிடமும் இல்லையாம்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுதே!" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "நான் அவசரப்படுத்தினா, பாக்காமலே சரியாயிடுச்சுன்னு என் மனசுக்காகச் சொல்லிடுவா. அப்புறம் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? அவளே பாத்துச் சொல்லட்டும்."

அவர் வேலையை விட்டால்தான் முடியும் என்பதெல்லாம் சும்மா. செய்ய வேலை ஒன்றும் பாக்கி இல்லை. பிழை மூடாததால், தான் செய்தது போதவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் நான்காவது தடவை எழுதத் திட்டம் போட்டிருக்கிறார். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை நான் எதற்குக் காய்கிறேன்?

27-ஆம் தேதிக்கு முன் அந்த வட்டைப் போட்டுப் பாருங்கள், அக்கா. சரியாகவில்லை என்றாலும் அப்படியே சொல்லிவிடுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

நாட்சுயோ


மட்சுஏ
15 பிப்ரவரி 2009

அன்புள்ள கென்னுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

நான் உனக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று வருடமாகக் கமோமே என் கணினியிலேயே இல்லை.

2006 பிப்ரவரியில் ஒரு நாள், ஓர் அகராதியின் இருநூறு பக்கத் திருத்தம் கமோமேயில் காணாமல் போயிற்று. வாசகர் ஒருவர் தேர்வுக்காகக் கேட்ட புத்தகம். நூலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். அன்று மாலையே ஃபுகுமா வேறொரு குழுவின் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அதுவும் எல்லோருக்கும் பொதுவானதுதான், காசில்லாததுதான். ஆனால் அது வந்துவிட்டது, உன்னுடையது வரவில்லை. "தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றார் ஃபுகுமா. "அடுத்த கடுதாசில சொல்றேன்" என்றேன். உன்னைப் பன்னிரண்டு அட்டைக்காகக் கேலி செய்கிறவள், ஒரு வார்த்தையை மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். என் கணினி நன்றாகப் பேசுகிறது என்று எழுதினேன். வட்டு பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேன். ஒன்றும் பொய்யில்லை, ஒன்றும் உண்மையுமில்லை. போன மாதம்தான் நிஜமான பொய் எழுதினேன், காத்திருப்பேன் என்று. அப்படிச் சொன்னால் நீ நிதானமாவாய் என்று நினைத்தேன். அது உன்னை நேராகக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, கென்.

ஏழாம் எண் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. கேட்டால் ஃபுகுமா என்று சொல்லுவேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டேன். பழைய கணினியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, பலகையை மாட்டி, உன் வட்டைப் போட்டேன். உனக்காக இளகிவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வரி வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுவது என்று தீர்மானம். சுவிட்சைத் தட்டிவிட்டு விரல்களைப் பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தது. முதல் வரி வந்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியும், நீ எழுதியதுதான். எனக்குத்தான் பதின்மூன்று வருடமாகத் தெரியாது.

"கமோமே எந்தவித உத்தரவாதமும் இல்லாமல் வழங்கப்படுகிறது."

எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "மிசாவோ சான், என்னாச்சு? யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். அட பாவி, ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே உண்மையைச் சொல்லித்தான் வைத்திருக்கிறாய்! பிழை அதை மட்டும் பார்த்து விழுங்கியிருக்கிறது. மீதி எல்லாவற்றையும் நான் வாக்குறுதி என்று படித்திருக்கிறேன்.

இருபது முறை அணைத்துப் போட்டேன். ஈரக் கையோடு போட்டேன், கம்பியைப் பிடுங்கி மாட்டிப் போட்டேன். இருபது முறையும் முதல் வரி வந்தது. நான்கு மணிக்கு உங்கள் குழுவின் இணையப் பக்கத்துக்குள் போய் ஏழாம் எண்ணுக்குக் கீழே எழுதினேன்: "சோதித்தேன். சரியாகிவிட்டது. மூடலாம்." உன் மனசுக்காக எழுதவில்லை. அப்படி எழுதுகிறவளாக இருந்தால் 1996-இல் புகாரே கொடுத்திருக்கமாட்டேன்.

இனி யாருக்காகவும் வேலையை விடாதே. காத்திருப்பவள் யாருமில்லை. எனக்காக என்று நீ சுமந்ததை இறக்கி வை.

பிரெயில் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம்தான், ஆனால் 27-ஆம் தேதியை நினைத்து விரைவுத் தபாலுக்குக் காசு கட்டி அனுப்புகிறேன். நீ நலமா? என்னைத் திட்டுவதாக இருந்தால் முழுக்கத் திட்டு, நகத்தால் தேய்க்காதே.

மிசாவோ


கவாசாகி
19 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரொம்ப நாளைக்கப்புறம் நிஜமாகவே நலம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆனால் நீ செய்த காரியம் எனக்கு வெள்ளிக்கிழமை நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டுமில்லை, ஆயிரத்து முந்நூறு பேருக்கும்.

1999-இல் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். தடுக்கும் பிழைகளின் பட்டியல் காலியானால், யாரையும் கேட்காமல் "கமோமே 1.0 வெளிவந்தது" என்று அதுவே அறிவித்துவிடும். ஆறு மாதத்தில் வேலை வந்துவிடும் என்று நம்பி எழுதியது. அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனேன். புகார் சொன்னவரே மூடலாம் என்று எழுதினால் பிழை தானாக மூடிக்கொள்ளும். நீ எழுதினாய், பட்டியல் காலி. பத்து வருடம் பேசாமல் கிடந்தது எழுந்து உலகத்துக்கே கூவிவிட்டது.

அப்போது நான் பிரிவுத் தலைவர் முன்னால் ஒகாயாமா வேலை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைபேசி துடிதுடிக்கிறது. "வீட்டுல ஏதாவது ஆபத்தா?" என்று அவரே கேட்டார். எடுத்துப் பார்த்தால் குழுவிலிருந்து முதல் பதில்: "இன்று ஏப்ரல் முதல் தேதி இல்லையே?" இரண்டாவது, நம் ஜெர்மன்காரர்: "கென்சாகுவின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். உடனே கடவுச்சொல்லை மாற்றவும்." ஒருத்தர்கூட நம்பவில்லை, அக்கா. நானும்தான். "பதற வேண்டாம், தவறுதலாகப் போயிருக்கும், விசாரிக்கிறேன்" என்று நானே ஒரு மடல் போட்டுவிட்டேன். பிறகுதான் பட்டியலைத் திறந்தேன். ஏழாம் எண் மூடியிருந்தது. மூடியவர் பெயர் மிசாவோ. பிரிவுத் தலைவருக்கு முன்னாலேயே நாற்காலியில் சரிந்துவிட்டேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

மாலைக்குள் குழுவில் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். தைபேயில் ஒரு பெண், தன் பழைய கணினியில் போட்டு ஓடுகிறது என்று படம் போட்டாள். ஜெர்மன்காரர், "மன்னிக்கவும், இனி டிசம்பரில் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை உன் கடிதம். நீ மூன்று வருடம் முன்னாலேயே போய்விட்டாய் என்று படித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. தூக்கம்தான் வந்தது. சோபாவில் சாய்ந்தவன், நாட்சுயோ வந்து காலைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டாவது உட்கருவோடேயே நான் களைத்துவிட்டேன், அக்கா. யாரிடமும் சொன்னதில்லை. நீ காத்திருக்கிறாய், விட்டுவிடக்கூடாது என்று ஓட்டினேன். நீ அகராதியைத் தொலைத்து அழுத அன்றைக்கே எனக்கு ஒரு வசவு விட்டிருந்தால் நம் இருவருக்கும் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். என் தப்புத்தான் பெரியது. நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வட்டு, வட்டு என்று சுற்றிச் சுற்றி வந்தேன்.

நகத்தால் தேய்த்த வரி விஷயம். உன் விரலைத் தெரியாதவனா நான்? நீ படித்துத் தடுக்க வேண்டும் என்றுதான் தேய்த்தேனோ என்னவோ.

ராஜினாமாக் கடிதத்தை நாட்சுயோவிடம் கொடுத்தேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல், வறுத்து முடித்த எண்ணெய்ச் சட்டியை அதால் துடைத்தாள். "கடைசியில இது ஒண்ணுக்காவது ஆச்சு" என்றாள். ஃபுகுமாவுக்கு எங்கள் நன்றியைச் சொல். அவர் கட்டைவிரலில் குத்தூசிக் காயம் இன்னும் ஆறவில்லை, நானே மருந்து போட்டுவிட்டேன்.

கமோமேயைத் தைபேப் பெண்ணும் ஓசாகாவில் இருவரும் எடுத்து நடத்துவார்கள். நான் ஒகாயாமாவுக்குப் போகிறேன். அங்கிருந்து உன் வீட்டுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி,
கென்சாகு


மட்சுஏ
1 மார்ச் 2009

அன்புள்ள கென்னுக்கு,

நான் நலம். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முழுக்க நூலகத்தில் ஒரு வரியும் ஓடவில்லை. நீ கொடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் ஐந்தரை மணி அடிக்கும்வரை கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். அடித்ததும் ஃபுகுமாவைத் தேடிப் போய், "என் தம்பி வேலைய விடல!" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல், "எல்லாரோட தம்பியும்தான் விடல. இதுல என்னம்மா விசேஷம்?" என்றார். நான் அழுததைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திவிட்டார். நிம்மதியில் இப்படியும் அழுகை வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

1.0-ஐப் பழைய கணினியில் போட்டுவிட்டேன். நூலக வேலைக்கு இல்லை, அதற்கு மற்றதுதான். ஃபுகுமா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நெசமாவே பேசுதே!" என்றார், பேசாது என்று பந்தயம் கட்டினவர் மாதிரி. மருத்துவப் புத்தகம் அவர் அறிவித்த புத்தாண்டைத் தாண்டி இரண்டு மாதமாகிறது, இன்னும் நான்கு தொகுதி பாக்கி. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் கடற்பறவையைப் பற்றி இனி ஒன்றும் கேட்கமாட்டார்.

நாட்சுயோவின் கட்டைவிரலுக்கு இத்துடன் களிம்பு வைத்திருக்கிறேன். அவள் குத்திய கடிதத்தில் பதினோரு பிழை இருந்தது. ஒன்றையும் நான் திருத்தவில்லை என்று சொல். அது என் தொழிலுக்கே விரோதம்.

ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தடவியதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனிமேல் அப்படி எனக்கு எழுதாதே, கென். வந்து கதவைத் தட்டு.

அக்கா,
மிசாவோ